புழுவின் புரதச் செரிமானத்தை நிறுத்தும் மருந்துகள்: வாசகர் கேள்வி பதில்

குடற்புழு மருந்துகளைப் பற்றி வந்தவற்றில் ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒட்டுண்ணிப் புழுக்களின் உடலில் நடக்கும் புரதச் சிதைவைத் தடுத்து அவற்றைக் கொல்ல முடியுமா என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

கேள்வி: பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறோம். விலையும் மலிவு, பெரிய தொந்தரவும் இல்லை. பிறகு எதற்குப் புது மருந்து?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

அல்பெண்டசோல் நல்ல மருந்து, தவறாமல் கொடுங்கள். ஆனால் அது எல்லாப் புழுவையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. 400 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு 2017-இல் வெளிவந்தது. உருண்டைப்புழு இருந்தவர்களில் சுமார் 96 சதவீதம் பேருக்கு அது முற்றிலும் போனது. கொக்கிப்புழுவில் இந்த அளவு சுமார் 80 சதவீதம். சாட்டைப்புழுவில் வெறும் 31 சதவீதம்.

மற்ற புழுக்களிலும் இதே மாதிரி ஓட்டைகள் உண்டு. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி, ஐவர்மெக்டின் மாத்திரைகள் ரத்தத்தில் சுற்றும் நுண்புழுக்களைத் துடைத்துவிடும். நிணநீர்க் குழாய்க்குள் பல ஆண்டு குடியிருக்கும் தாய்ப்புழுவை முழுமையாகக் கொல்லாது. அதனால்தான் ஆண்டுதோறும் ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களைப் பிடித்திருக்கும் சிஸ்டோசோமா என்ற ரத்தப் புழுவுக்கு நடைமுறையில் இருப்பது பிராசிகுவாண்டல் என்ற ஒரே மருந்து. அதுவும் வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர, தோல் வழியாகப் புதிதாக நுழைந்த இளம்புழுவை விட்டுவிடும்.

கையில் இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் புழுவின் நரம்பு, தசை, அல்லது செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதம் ஆகியவற்றையே குறிவைக்கின்றன. இந்த டியூபுலினின் 200-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், அல்பெண்டசோல் வகை மருந்து பிடிப்பதே இல்லை. செம்மறியாட்டுப் புழுக்களில் இந்த மாற்றம் உலகெங்கும் பரவிவிட்டது. மனிதரின் புழுக்களிலும் பரவிய பிறகு மருந்து தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: புரதச் சிதைவு என்று எழுதுகிறார்கள். புழுவின் வயிற்றில் நடக்கும் செரிமானமா, வேறு ஏதாவதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

இரண்டும்தான். இரண்டு வெவ்வேறு இடங்களில் நடப்பதை ஒரே பெயரால் சொல்வதால் குழப்பம் வருகிறது.

முதல் இடம் புழுவின் குடல். ரத்தம் குடிக்கும் புழுக்களுக்கு ஹீமோகுளோபின்தான் சோறு. சிஸ்டோசோமா பெண்புழு மணிக்குச் சுமார் 3,30,000 சிவப்பணுக்களை விழுங்குகிறது. ஆண்புழு சுமார் 39,000. முட்டை உருவாக்க வேண்டிய பெண்ணுக்கு அவ்வளவு புரதம் தேவை. விழுங்கிய அணுக்கள் உடைந்து வெளியாகும் ஹீமோகுளோபினைக் கதெப்சின் டி என்ற நொதி முதலில் வெட்டுகிறது. கதெப்சின் எல், கதெப்சின் பி1 ஆகியவை அதை மேலும் நறுக்குகின்றன. கதெப்சின் சி, முனையிலிருந்து இரண்டிரண்டு அமினோ அமிலமாகக் கழற்றுகிறது. கடைசியில் இன்னொரு நொதி தனித்தனி அமினோ அமிலமாக்குகிறது. மிஞ்சும் ஹீம் புழுவுக்கே நஞ்சு. அதைக் கருப்புப் படிகமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இந்தப் புழுவுக்கு மலவாய் கிடையாது, கழிவை வாய் வழியாகவே கக்குகிறது.

கொக்கிப்புழுவிலும் இதே போன்ற வரிசை உண்டு. முதல் வெட்டைப் போடுவது ஏபிஆர்-1 என்ற நொதி. அது வெட்டினால்தான் அடுத்தவற்றுக்கு வேலை. அதனால் வரிசையின் தலையில் இருப்பதைத் தடுத்தால் பின்னால் இருப்பவை தாமாக முடங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கதெப்சின் வகை நொதிகளைத் தடுக்கும் கே11777 என்ற சேர்மத்தை சிஸ்டோசோமா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது புழுக்களும் முட்டைகளும் வெகுவாகக் குறைந்தன. அந்த முடிவு 2007-இல் வந்தது. 2012-இல் அதே சேர்மம் வெள்ளெலிகளின் கொக்கிப்புழுவை நீக்கியது.

இரண்டாவது இடம் புழுவின் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே. பழுதான புரதத்தையும் வேலை முடிந்த புரதத்தையும் செல் அடையாளம் வைத்து அழிக்கிறது. அடையாளம் என்பது யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சிறுபுரதம். அது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதம் புரோட்டியசோமுக்குள் இழுக்கப்பட்டுத் துண்டாகிறது. புரோட்டியசோமின் நடுப்பகுதி, நான்கு வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குழாய் மாதிரி இருக்கும். வளையத்துக்கு 7 வீதம் மொத்தம் 28 உறுப்புகள். உள்பக்கத்து இரண்டு வளையங்களில் பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5 என்று மூன்று வகை வெட்டுமுனைகள் இருக்கின்றன. யுபிக்விட்டின் வழியைக் கண்டறிந்ததற்காக சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குழாய் அடைபட்டால் பழுதான புரதங்கள் குவிந்து செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

கேள்வி: என் அப்பாவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். போர்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். அதுவும் புரோட்டியசோமைத் தடுப்பதுதான் என்று மருத்துவர் சொன்னார். கால் மரத்துப்போய் அவர் படும் பாட்டைப் பார்க்கிறேன். புழுவுக்கு இதே வழியில் மருந்து செய்தால் குழந்தைகளுக்கு ஆபத்து இல்லையா?
– வாசகி, சேலம்

முதலில் அப்பாவைப் பற்றி. மரத்துப்போவது போர்டிசோமிப்பின் தெரிந்த பக்கவிளைவு. எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, நடையில் தடுமாற்றம் எது இருந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பது, இடைவெளியைக் கூட்டுவது, நரம்பில் போடாமல் தோலுக்கடியில் போடுவது என்று வழிகள் இருக்கின்றன. முற்றவிட்டால் மீள்வது கடினம்.

உங்கள் கேள்விதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. புரோட்டியசோம் நமக்கும் இருக்கிறது, புழுவுக்கும் இருக்கிறது. வடிவமும் ஏறக்குறைய ஒன்றே. புற்றுநோய்க்காரருக்கு நாம் சில தொந்தரவுகளைப் பொறுத்துக்கொள்கிறோம். ஊரில் எல்லாருக்கும், நோய் இருக்கிறதா என்று சோதிக்காமலே கொடுக்கும் புழு மாத்திரையில் அதைப் பொறுக்க முடியாது. எனவே போர்டிசோமிப்பை அப்படியே புழு மருந்தாக்கும் பேச்சு இல்லை. அது ஒரு சோதனைக் கருவி மட்டும்.

அந்தக் கருவி என்ன காட்டியது? சிஸ்டோசோமா பற்றி 2019-இல் வந்த ஆய்வில், வளர்ந்த புழுக்களை 1 மைக்ரோமோலார் போர்டிசோமிப்பில் அல்லது அதே வகை மருந்தான கார்ஃபில்சோமிப்பில் வைத்தார்கள். 24 மணி நேரத்தில் புழுக்களின் அசைவு 85 சதவீதத்துக்கு மேல் அடங்கிவிட்டது. உள்ளே புரோட்டியசோம் வேலையும் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆக, குறி சரியானது.

அடுத்து மனிதனுக்கும் புழுவுக்கும் வேறுபாடு தேடினார்கள். கார்மாஃபைசின் பி என்ற கடல்வாழ் உயிரிப் பொருளை மாற்றியமைத்து உருவாக்கிய 11 சேர்மங்களைச் சோதித்ததில் ஒன்று கவனத்தை ஈர்த்தது. மனிதக் கல்லீரல் செல்களுக்கு அதன் நச்சு மூலப்பொருளைவிடச் சுமார் 27 மடங்கு குறைவு. பீட்டா-5 முனையில் மனிதன், புழு இருவரையும் ஒரே அளவில்தான் தடுத்தது. ஆனால் பீட்டா-2 முனையில் புழுவினுடையதை 13 மடங்கு கூடுதல் வலுவோடு தடுத்தது. 13 மடங்கு என்பது மாத்திரைக்குப் போதாது. இருந்தாலும் வித்தியாசம் எந்த முனையில் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது.

நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா. அது புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. 2016-இல் வெளியான ஜிஎன்எஃப்6702 என்ற சேர்மம் லீஷ்மேனியாவின் புரோட்டியசோமைத் தடுக்கிறது, பாலூட்டிகளுடையதைத் தொடுவதில்லை. வெட்டுமுனையில் நேரடியாக உட்காராமல், பீட்டா-4, பீட்டா-5 உறுப்புகளுக்கு இடையிலுள்ள ஒரு பள்ளத்தில் போய் அமர்கிறது என்பதுதான் காரணம். வெட்டுமுனை எல்லா உயிரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஓரத்துப் பள்ளங்கள் இனத்துக்கு இனம் மாறும். அந்த வகையில் பிறந்த எல்எக்ஸ்இ408 மனிதரிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டது. புழுக்களிலும் இப்படிப்பட்ட பள்ளத்தைத் தேடுவதே சரியான பாதை என்று நினைக்கிறோம். வெட்டுமுனையையே இன்னும் கூர்மையாகத் தாக்கிப் பார்ப்பதில் நாளைச் செலவழிப்பது வீண்.

கேள்வி: எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு ஆட்டின் நாலாம் வயிற்றிலிருந்து எடுத்த, ரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழுவின் சாற்றில் புரோட்டியசோம் அளக்கிறேன். எம்ஜி-132 என்ற தடுப்பானைப் போட்டால் அளவு நன்றாகக் குறைகிறது, போர்டிசோமிப் போட்டால் பாதிதான் குறைகிறது. உறையவைத்த சாற்றில் அளவு மேலும் தாறுமாறு. எங்கே தவறு?
– உயிரித் தொழில்நுட்ப மாணவி, கோவை

நீங்கள் அளப்பதில் பாதி புரோட்டியசோம், மீதி குடல் கதெப்சின். எம்ஜி-132 இரண்டையும் தடுக்கும், போர்டிசோமிப் கதெப்சின்களை விட்டுவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அதனால்தான். ரத்தம் குடிக்கும் புழுவின் சாற்றில் இது எல்லாருக்கும் நேர்வது. முதலிலிருந்து சரிசெய்வோம்.

புழுவை எடுத்ததும் வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் ஐந்து முறையாவது கழுவுங்கள். கழுவினால் மட்டும் போதாது. அதன் குடலில் ஆட்டு ரத்தம் இருக்கிறது, ஆட்டுச் சிவப்பணுக்களிலும் வெள்ளணுக்களிலும் புரோட்டியசோம் இருக்கிறது. ரத்தம் இல்லாத வளர்ப்புத் திரவத்தில், ஆன்டிபயாடிக் சேர்த்து, 37 டிகிரியில் சில மணி நேரம் விட்டுக் குடலைக் காலியாக்கவிடுங்கள். செந்நிறம் மங்குவது கண்ணுக்கே தெரியும். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் ஆட்டின் புரோட்டியசோமை அளந்துவிட்டுப் புழுவினுடையது என்று எழுதுகிறார்கள்.

உருளைப்புழுவின் மேல்தோல் கொலாஜனால் ஆனது. சாதாரண அரைப்பானுக்கு மசியாது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து உரலில் பொடியாக்கிப் பிறகு கரைசலில் போடுங்கள். கரைசலில் 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.5), 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் ஏடிபி, 1 மில்லிமோலார் டிடிடி, 10 சதவீதம் கிளிசரால் இருக்கட்டும். ஏடிபியை அன்றன்று சேருங்கள். ஈடிடிஏ வேண்டாம். அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஏடிபி இருந்தும் பயனில்லை. கடையில் வாங்கும் புரோட்டியேஸ் தடுப்பான் கலவையையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். பலவற்றில் லியூபெப்டின் இருக்கிறது. அது நீங்கள் அளக்க வேண்டிய பீட்டா-2 முனையையே தடுக்கும். அதற்குப் பதில் ஈ-64 மட்டும் 10 மைக்ரோமோலார் சேர்த்து, ஐஸில் அரை மணி நேரம் வையுங்கள். கதெப்சின் பி, எல் வகைகள் அடங்கிவிடும், புரோட்டியசோமுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் சிக்கலில் பெரும்பங்கு இத்தோடு தீரும்.

அளக்கும்போது கருப்பு 96 குழித் தட்டு, குழிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் புரதம். பீட்டா-5 முனைக்கு எல்எல்விஒய்-ஏஎம்சி என்ற சோதனைப் பெப்டைடு 50 முதல் 100 மைக்ரோமோலார். 360 நானோமீட்டரில் ஒளி கொடுத்து 460-இல் படியுங்கள். 37 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். கோடு நேராக ஏறும் ஆரம்பப் பகுதியின் சாய்வை மட்டும் எடுங்கள். கடைசி எண்ணைக் கழித்துப் போடும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் எபாக்சோமைசின் போட்ட குழி ஒன்று இருக்க வேண்டும். அது புரோட்டியசோமை மட்டும் குறிவைக்கும் தடுப்பான் என்பதால், அதனால் நின்றுபோகும் பகுதிதான் உங்கள் உண்மையான அளவு. எம்ஜி-132-ஐ இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். தடுப்பானைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவாக, 1 சதவீதத்துக்கு மிகாமல் இருக்கட்டும்.

உறையவைத்த சாற்றில் தாறுமாறாக வருவதற்குக் காரணம் வேறு. உறைந்து உருகும்போது, அதுவும் ஏடிபி குறைவாக இருந்தால், முழு 26எஸ் புரோட்டியசோமின் மூடிகள் கழன்று வெறும் 20எஸ் குழாயாகிவிடும். அதன் வாசல் மூடிக்கிடக்கும். 20எஸ் மட்டும் அளந்தால் போதும் என்றால் 0.02 முதல் 0.03 சதவீதம் எஸ்டிஎஸ் சேர்த்து வாசலைத் திறக்கலாம். கொஞ்சம் கூடினாலும் புரதமே குலைந்துவிடும், எனவே 0.01 படிகளில் முன்னோட்டம் பாருங்கள். 26எஸ் வேண்டுமென்றால் ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவையுங்கள். இரண்டாம் முறை உருக்கியதைக் கொட்டிவிடுங்கள்.

தடுப்பான்களை ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. எபாக்சோமைசின், கார்ஃபில்சோமிப் போன்ற எபாக்சிகீட்டோன் வகை, முனையோடு மெல்ல மெல்ல நிரந்தரமாக ஒட்டிக்கொள்வது. 10 நிமிடம் ஊறவைத்துக் கிடைக்கும் எண்ணும் 60 நிமிடத்தில் கிடைக்கும் எண்ணும் வேறு வேறாக இருக்கும். ஊறவைத்த நேரத்தைக் குறிப்பிடாமல் அட்டவணையில் போட்டால் அதற்குப் பொருளே இல்லை.

உயிருள்ள புழுவில் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள், 72 மணி வரை பாருங்கள். புரோட்டியசோம் முடங்கியதும் புழு புதிய உறுப்புகளை அவசரமாகத் தயாரித்து மீண்டு வரப் பார்க்கும். சி. எலிகான்ஸ் என்ற ஆய்வகப் புழுவில் இந்த மீட்சியை நடத்துவது எஸ்கேஎன்-1ஏ என்ற புரதம். அது செயல்படப் பிஎன்ஜி-1, டிடிஐ-1 என்ற இரண்டு நொதிகளின் துணை வேண்டும். சாதாரண சி. எலிகான்ஸ் போர்டிசோமிப்பை ஓரளவு தாங்கும். எஸ்கேஎன்-1ஏ இல்லாத புழு மிகக் குறைந்த அளவிலேயே சாகும். புரோட்டியசோம் தடுப்பானோடு இந்த மீட்சியையும் அடைத்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம். திட்டப்பணிக்குப் பிறகும் தொடர எண்ணமிருந்தால் இந்த இடத்தில் செய்ய நிறைய இருக்கிறது.

கேள்வி: புரோட்டாக் என்று புற்றுநோயில் பேசுகிறார்கள். வேண்டாத புரதத்தைச் செல்லின் சொந்தக் குப்பைத்தொட்டிக்கே அனுப்புவது. புழுவில் இது நடக்குமா?
– மருந்தியல் மாணவர், சென்னை

கொள்கையளவில் நடக்கும். மருந்தாக வரும் என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டோம்.

புரோட்டாக்கின் ஒரு முனை அழிக்க வேண்டிய புரதத்தைப் பிடிக்கும், மறுமுனை யுபிக்விட்டின் ஒட்டும் இ3 நொதியைப் பிடிக்கும், நடுவே ஓர் இணைப்பு. மனித மருந்துகளில் இ3-க்குப் பெரும்பாலும் செரிப்ளான் அல்லது விஎச்எல் பயன்படுகிறது. புழுவின் செல்லுக்குள் இருப்பது புழுவின் இ3. மனித இ3-ஐப் பிடிக்கும் மூலக்கூறு அதைப் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எலிக்கும் நமக்கும் இடையிலேயே இது பொய்த்திருக்கிறது. மனிதச் செரிப்ளானில் 388-ஆவது இடத்தில் இருப்பது வாலின். எலியில் அதற்கு நேரான இடத்தில் ஐசோலியூசின். இந்த ஒரு மாற்றத்தால், செரிப்ளானைப் பிடித்து வேலை செய்யும் தாலிடோமைடு வகை மருந்து எலியில் வேலை செய்வதில்லை. பாலூட்டிகளுக்குள்ளேயே இப்படி என்றால் புழு எவ்வளவு தூரம்!

அடுத்தது உள்ளே நுழைவது. புரோட்டாக் 700 முதல் 1,000 டால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. சி. எலிகான்ஸில் மருந்துத் தன்மையுள்ள 1,000-க்கும் மேற்பட்ட சிறு மூலக்கூறுகளைச் சோதித்ததில், வெளியே இருக்கும் செறிவில் பாதிக்கு மேல் உடலுக்குள் சேர்ந்தவை 10 சதவீதத்துக்கும் குறைவு. சிறியவற்றுக்கே அந்தக் கதி.

ஆனால் இலக்கைச் சரிபார்க்கும் கருவியாக இது விலைமதிப்பற்றது. தாவர இ3-இன் உறுப்பான டிஐஆர்1 புரதத்தையும், 44 அமினோ அமிலம் கொண்ட சிறு அடையாளத்தையும் சி. எலிகான்ஸில் புகுத்தி, ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் கொடுத்தால் அடையாளமிட்ட புரதம் அரை மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. 2015-இல் இம்முறை வெளிவந்தது. எந்தப் புரதம் போனால் புழு சாகும் என்பதை மருந்து செய்யும் முன்பே கண்டுகொள்ளலாம்.

புழுவில் புரோட்டாக் முயல்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். புரோட்டியசோமைத் தடுத்தால் புரதம் திரும்பத் தேங்க வேண்டும். இ3-ஐப் பிடிக்காதபடி மாற்றிய மூலக்கூறு வேலை செய்யக் கூடாது. செறிவை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு விளைவு குறைய வேண்டும். அளவு மிஞ்சினால் இரு முனைகளும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிப் பாலமே அமையாது என்பதால் இப்படி. அதிகச் செறிவில் மட்டும் சோதித்துப் பலனில்லை என்று கைவிட்டவர்கள் குறைந்த செறிவில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: பப்பாளிப் பால் வயிற்றுப் பூச்சியைக் கொல்லும் என்பார் பாட்டி. அறிவியல் உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு, அதுவும் இதே தலைப்பில். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெய்ன் முதலான நொதிகள் புழுவின் மேல்தோல் புரதத்தையே செரித்துவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் முதலில் தோலில் கொப்புளம் கிளம்பும், பிறகு தோல் கிழிந்து உள்ளுறுப்பு பிதுங்கும். ஈ-64 சேர்த்து நொதியை முடக்கினால் இவை எதுவும் நடப்பதில்லை. ஆகவே கொல்வது நொதிதான். ஆய்வக எலிகளிலும் செம்மறியாடுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது.

வீட்டில் செய்யாதீர்கள். கீறி எடுத்த பால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. மரத்துக்கு மரம் நொதியின் அளவும் வேறு. நம் வயிற்று அமிலத்தில் நொதி பெரிதும் கெட்டுப்போகும் என்பதால் குடல்வரை காப்பாற்றும் உறையும் வேண்டும்.

கேள்வி: நாற்பது வெள்ளாடு வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு தாடையில் நீர் கோத்துச் சாகின்றன. ஃபென்பெண்டசோல் கொடுத்தும் நிற்கவில்லை. நீங்கள் எழுதும் புது மருந்து எப்போது கிடைக்கும்?
– ஆடு வளர்ப்பவர், புதுக்கோட்டை

அண்ணே, அந்த மருந்து வரும்வரை உங்கள் ஆடுகள் காத்திருக்க முடியாது. அதனால் இன்று செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

நீங்கள் சொல்வது ஹீமோன்கஸ் என்ற நாலாம் வயிற்றுப் புழுவின் அடையாளம். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். 5,000 புழு இருந்தால் நாளுக்குக் கால் லிட்டர். ரத்தத்திலுள்ள புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது. ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். மழைக்குப் பின் மேய்ச்சல் நிலம் அதனால்தான் நிரம்பிவிடுகிறது.

மருந்து தோற்றதா, அளவு தோற்றதா என்று முதலில் பாருங்கள். பலரும் செம்மறிக்குச் சொன்ன அளவை வெள்ளாட்டுக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளாட்டின் கல்லீரல் இந்த மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால் அந்த அளவு போதாது. குறைந்த அளவில் பிழைத்த புழுக்களின் வாரிசுதான் அடுத்த மழைக்கு வரும். எடையைக் கண்ணால் மதிக்காமல், மந்தையில் கனமான ஆட்டை எடைபோட்டு அதன்படி அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். குழாயை நாக்குக்குப் பின்னால் விட்டு ஊற்றுங்கள், வழிந்தால் கணக்கு தப்பும்.

பத்துப் பதினைந்து ஆடுகளின் சாணத்தை மருந்துக்கு முன்பும், 10 முதல் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளிடமிருந்து எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். நேரடியாக ஆசனவாயிலிருந்து எடுத்த சாணமாக இருக்கட்டும், தரையில் கிடந்தது வேண்டாம். முட்டை 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்துக் குடும்பமே உங்கள் பண்ணையில் எடுபடாது. அல்பெண்டசோலுக்கு மாறுவதும் வீண், அதுவும் அதே குடும்பம். லெவாமிசோல், ஐவர்மெக்டின் போன்ற வேறு குடும்பத்தை மருத்துவர் சொல்வார்.

பிறகு எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதை நிறுத்துங்கள். கீழ் இமையைத் தள்ளி நிறம் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விடுங்கள், வெளிறியதற்கும் வெளுத்ததற்கும் கொடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மருந்து படாத ஆடுகளில் மிஞ்சும் சாதாரணப் புழுக்கள், எதிர்ப்புச் சக்தி பெற்றவை நிலம் முழுக்கப் பரவாமல் தடுக்கும்.

புரதச் செரிமானத்தைக் குறிவைக்கும் வழியில் ஆடுகளுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பில் உருவாகி, 2014-இல் ஆஸ்திரேலியாவில் பதிவான பார்பர்வேக்ஸ் என்ற தடுப்பூசி. ஹீமோன்கஸின் குடல்சுவரில் இருக்கும் செரிமான நொதிகளைப் பிரித்தெடுத்து, வேளைக்கு வெறும் 5 மைக்ரோகிராம் செம்மறிக்குப் போடுகிறார்கள். ஆட்டின் ரத்தத்தில் அந்த நொதிகளுக்கு எதிரான பொருள் உருவாகிறது. புழு ரத்தத்தோடு அதையும் சேர்த்துக் குடிக்கிறது. குடலின் செரிமானம் கெட்டு, முட்டையிடுவது சரிந்து, புழுவும் சாகிறது. மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற புழுவையும் இது விடாது.

சங்கடம் என்னவென்றால், ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த நொதி பலன் தரவில்லை. இறைச்சிக்கூடத்து ஆட்டு வயிற்றிலிருந்து சேகரித்த உண்மையான புழுவிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் மூன்று ஊசி, பிறகு புழுக்காலம் முழுக்க ஆறு வாரத்துக்கு ஒன்று. நாற்பது ஆட்டுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் கட்டாது. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது இமை பார்க்கும் பழக்கமும், மழைக்கு முன்பும் பின்பும் ஒரு சாணப் பரிசோதனையும். தாடை வீங்கிய ஆடுகளுக்கு இன்றே வேறு குடும்பத்து மருந்து கேட்டுக் கொடுத்து, பிண்ணாக்கும் பயறு வகைத் தீவனமும் கூட்டுங்கள். இழந்த புரதம் தீவனத்தில் வந்தால்தான் வீக்கம் வடியும்.